நாத்தனாவுக்காக நான் நடக்கலைங்க

பாசமா? எனக்கா? அவ மேலயா? நல்லாக் கேட்டீங்க போங்க.

இருங்கய்யா, சொல்றேன். அந்தக் கேமராவப் பாத்துப் பேசணுமா, ஒங்களப் பாத்துப் பேசணுமா? சரி, ஒங்களப் பாத்தே பேசுறேன். எம்பேரு தனபாக்கியம். ஊரு அருப்புக்கோட்டை. வெளிய பெஞ்சில உக்காந்திருக்காளே, கண்ணெல்லாம் மஞ்சப் பூத்து, சேலை ஒடம்புல நிக்காம, அவ எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. பேரு இந்திராணி. அவளுக்கு ஈரல் சுருங்கிப் போச்சு. என் ஈரல்ல ஒரு பங்க அறுத்து எடுத்து அவளுக்கு வைக்கணும். கூடப் பொறந்தவன்னா கேள்வி கெடையாதாம். நாத்தனாங்கிறதால பெரியவுக நீங்கள்லாம் கமிட்டியா உக்காந்து, இந்தப் பொம்பள காசு வாங்கிக்கிட்டுக் குடுக்கல, பாசத்துலதான் குடுக்குறான்டு ஒத்துக்கிட்டாத்தான் ஆபரேசனாம். காச விடுங்க, அவகிட்ட ஏது காசு. இந்தப் பாசம்ன்டு சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால சகிக்க முடியல.

ரெண்டு பேரும் சேந்து நிக்கிற போட்டோ வேணும்ன்டு கேட்டு விட்டீங்க. வீட்டுல இருந்த ஆல்பம் அம்புட்டையும் கவுத்துப் பாத்தாச்சு. எல்லா விசேசத்துலயும் இருக்கோம். அவ அந்தக் கோடில நிக்கிறா, நான் இந்தக் கோடில நிக்கிறேன். நடுவுல இவரு நிக்கிறாரு, திருவிழாவுல காணாமப் போன ஆளு மாதிரி முழிச்சுக்கிட்டு. அதத்தான் கொண்டாந்து குடுத்திருக்கேன். பாத்துக்கங்க.

அவ லேசுப்பட்டவ இல்லைங்கய்யா. நான் கல்யாணமாகி வந்த மறுநா. மொதமொதல்ல கொழம்பு வச்சு எறக்குறேன். வந்து மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டு, எங்கண்ணன் இதத் திம்பாரான்டு கேட்டா. வயசு அப்ப எம்புட்டு, பள்ளிக்கூடம் போற புள்ள. அப்பவே அந்த வாயி. அதுக்கப்புறம் அவளக் கட்டிக் குடுத்து விருதுநகருக்குப் போனா, தொல்ல விட்டுச்சுன்டு பாத்தேன். எங்க விட்டுச்சு. பொங்கலுக்குச் சீரு, தீவாளிக்குச் சீரு, மாசமானா வளைகாப்புச் சீரு, புள்ள பொறந்தா தொட்டில் சீரு. இவரு கம்பி, சிமிண்டுக் கடை வச்சிருக்காரு. கடையில சம்பாரிச்சதுல பாதி சீர்தட்டுல ஏறித்தான் போயிருக்கு. ஒரு தடவையாச்சும் மதினி நல்லாருக்குன்டு சொன்னாளா? சேலையப் பிரிச்சுப் பாத்து, இது மதினி எடுத்ததான்டு கேப்பா. அம்புட்டுத்தான். நல்லா இருந்தா அண்ணன் எடுத்தது, நல்லா இல்லன்டா மதினி எடுத்தது.

என் ரெண்டாவது பிரசவத்துக்கு வந்து கூட இருந்தா, அத ஒத்துக்கிறேன். ராப்பகலா ஆசுபத்திரியில கெடந்தா. எனக்கு ரத்தம் நிக்காமப் போயி டாக்டரு கைய விரிச்சப்ப, இவரு வராண்டாவுல மயங்கி விழுந்துட்டாரு, அவதான் ரத்தம் குடுத்தா. எதுக்குக் குடுத்தா? அண்ணன் புள்ளைய மொத ஆளாத் தூக்கணும்ன்டு ஒரு வீம்பு. வேற என்ன இருக்கு அதுல.

இப்ப ஒடம்பு விசயத்துக்கு வர்றேன். நீங்க என்னயப் பாத்தா இப்ப நம்ப மாட்டீங்க. ரெண்டு புள்ள பெத்து, மிச்சம் மீதியெல்லாம் வழிச்சுப் போட்டுத் தின்னு, நான் நல்லா இருந்தேன். அவ மக பெரியவளாகி சடங்கு வச்சா. தாய்மாமன் சீருன்டா சும்மாவா? மேளத்தோட, வரிசையா தட்டத் தூக்கிக்கிட்டு உச்சி வெயில்ல நடந்து போறோம். என் தலையில வெள்ளித்தட்டு. மண்டபத்துக்குள்ள போயி மூச்சு வாங்க ஒரு பிளாஸ்டிக் சேருல உக்காந்தேன். சேரு காலு வளைஞ்சிருச்சு. நான் விழல. வளைஞ்சுச்சு, அம்புட்டுத்தான். அவ கையில மைக்கு இருந்துச்சு, சீரு செஞ்சவுக பேர வாசிக்கிறதுக்கு வச்சிருந்தா. அந்த மைக்குலயே சொல்றா: "மதினிக்கு மட்டும் ரெண்டு சேரா அடுக்கிப் போடுங்கப்பா."

மண்டபமே சிரிச்சுச்சு. என் தலையில இருந்து எறக்குன தட்ட வாங்குனவுகளும் சிரிச்சாக. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. பிற்பாடு கேட்டா சிரிக்கலங்கிறாரு. வீடியோல இருக்கு. பந்தியில நான் ஒரு வாயி சாப்புடல, அன்னைக்கு வச்ச கறிக்கொழம்பு எப்புடி இருந்துச்சுன்டு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதுக்கு ரெண்டு வருசங் கழிச்சுத்தான் அவளுக்கு இப்புடி ஆச்சு. குடிச்சாளா, கண்டதத் தின்னாளா, ஒண்ணுமில்ல. மஞ்சக்காமாலை மஞ்சக்காமாலன்டு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கா, யாருக்கும் சொல்லாம. ரத்த வாந்தி எடுத்தப்பத்தான் பெரிய ஆசுபத்திரிக்குத் தூக்கியாந்தோம். மாத்து ஈரல் வச்சாத்தான் பொழைப்பான்டுட்டாக. புருசன் ரத்தம் சேரல. மகளுக்கு வயசு பத்தல. இவரு எந்திரிச்சாரு. டாக்டரு ரூமுல, நர்சுக, கீழ தரை தொடைக்கிறவுக எல்லாரும் நிக்கையில நெஞ்சுல ஓங்கித் தட்டி, என் தங்கச்சிக்கு நான் தர்றேன்டாரு. சீரு குடுத்தே பழகுன கையில்ல, வேற என்ன செய்யும்? எல்லாத்தையும் குடுத்தாச்சு, ஈரல் ஒண்ணுதான் பாக்கி.

ஸ்கேன் எடுத்துப் பாத்தாக. இவரு ஈரல் முழுக்கக் கொழுப்பு. இப்புடியே எடுக்க முடியாது, தீவாளிக்குள்ள எடையக் கொறைச்சுட்டு வாங்க, ஈரல் தெளிஞ்சிரும், அதுக்கு மேல ஒங்க தங்கச்சி தாங்க மாட்டாகன்டு சொல்லி விட்டாக. இன்னது திங்கணும், இன்னது திங்கக் கூடாது, காலையில நடக்கணும்ன்டு ஒரு அம்மா உக்கார வச்சுச் சொல்லுச்சு. இவரு எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனாரு.

ஆத்தாடி, அந்தக் கூத்தச் சொல்றேன் கேளுங்க. நடக்க ஆரம்பிக்கிறதுக்கு நல்ல நாளு பாத்தாருய்யா மனுசன். சோசியரப் போயிப் பாத்து, வளர்பிறையில ஒரு நாளு குறிச்சு வாங்கிட்டு வர்றாரு. வளர்பிறையில எவனாச்சும் ஒடம்பக் கொறைக்க ஆரம்பிப்பானா? வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுறவன் வளர்பிறை பாப்பான். வட்டிக் கடை தொறக்குறவன் பாப்பான். இவரு எளைக்கிறதுக்கு வளர்பிறை பாத்தாரு. தேய்பிறைக்கு மாத்துங்கன்டு நான் தலபாடாச் சொன்னேன். நல்ல காரியத்த தேய்பிறையில தொடங்கக் கூடாதுன்டு எனக்குப் புத்தி சொல்றாரு. அப்புறம் புது சூ, எங்கிலீசுல எழுதுன பனியன், கையில ஒரு கடியாரம். சூவப் பிள்ளையார் முன்னால வச்சுச் சூடம் காட்டணும்ன்டு நின்னாரு. பூசாரி தொரத்தி விட்டாரு.

கண்மாய்க் கரையில நடக்குறதுக்குன்டே ஒரு கூட்டம் இருக்கு. அதுல போயிச் சேந்தாரு. அவுகளுக்கு ஒரு வாட்ஸப்புக் குரூப்பு. காலையில எந்திரிச்சா டொய்ங்கு டொய்ங்குன்டு சத்தம். எல்லாம் ஊக்கம் குடுக்குறாகளாம். சூரியன் உதிக்கிற படத்தப் போட்டு, எழு, நட, வெல்லுன்டு ஒருத்தன் அனுப்புவான். அதுக்கு இன்னொருத்தன் கை தட்டுற படம் அனுப்புவான். இவரு படுக்கையில படுத்துக்கிட்டே எல்லாத்துக்கும் கை தட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்குவாரு. போற நாள்ல ஒரு சுத்து நடப்பாக, நடந்து முடிஞ்சதும் எல்லாருமாக் கரை முக்குல இருக்குற டீக்கடைக்குப் போயி உளுந்த வடை திம்பாக. நடந்த களைப்புக்கு. ஞாயித்துக்கெழமை ஆனா ஆட்டு ஈரல் வாங்கியாந்து நீட்டுவாரு. ஈரல் குடுக்கப் போற ஆளுக்கு ஈரல்தான் சத்தாம். இதெல்லாம் எந்த டாக்டரு சொன்னது?

இந்த வடைச் சமாசாரம் தெரிஞ்சதும் நானும் பின்னாடியே கெளம்பிட்டேன். மகன் தூக்கிப் போட்ட பழைய சூ ஒண்ணு கெடந்துச்சு, அத மாட்டிக்கிட்டு, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு. அந்த மனுசன வடைக்கடைப் பக்கம் விடாம ஓட்டுறதுக்குத்தான் போனேன், நடக்குறதுக்கா போனேன்? அவரு முன்னால போவாரு, நான் பின்னால திட்டிக்கிட்டே போவேன். கொஞ்ச தூரம் போயிட்டு முழங்கால் வலிக்குதுன்டு கல்லுல உக்காந்துருவாரு. எனக்குத்தான் வாயி நிக்கலையே. கோவத்துல அப்புடியே இன்னொரு சுத்துப் போயிட்டு வந்து விட்ட எடத்துல இருந்து திட்டுவேன். கோவத்துல நடந்து பாருங்கய்யா, காலு வலி தெரியாது.

அப்புறம் அந்தச் சாப்பாடு. மொளைகட்டுன பயறு, வெள்ளரிக்கா, உப்பில்லாத சுண்டல், ஆவியில வெந்த காயி. எல்லாம் அவருக்குன்டு நான்தான் பண்ணி வைப்பேன். ரெண்டு வாயி தின்னுட்டுத் தட்ட நகட்டிட்டுக் கடைக்குப் போயிருவாரு. கொட்டவா முடியும்? பொம்பள தட்டுல மிச்சம் கெடந்தா என்ன செய்வா, எடுத்து வாயில போடுவா. காலம் பூரா மிச்சத்தத் தின்னுதான் நான் பெருத்தேன், இப்ப அதே மிச்சத்தத் தின்னு எளைச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. அங்க கடையில கம்பிக்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்து பரோட்டாப் பொட்டலத்தப் பிரிக்கிறாருங்கிறதும் எனக்கு அப்பத் தெரியாது.

எனக்கும் விட்டுத் தொலைப்போமான்டு தோணுன நாள் இருக்கு. மழை பேஞ்சு கரை சகதியாக் கெடந்த காலையில, குதிகாலு தரையில பாவாத காலையில, யாருக்கு வந்த விருந்தோன்டு படுத்துக் கெடக்கத்தான் செஞ்சேன். கண்ண மூடுனா அந்த மைக்கு, அந்த ரெண்டு சேரு. படக்குன்டு எந்திரிச்சுருவேன். ஊக்கத்துக்கு வாட்ஸப்பு எதுக்குங்கய்யா, நம்மளப் பாத்துச் சிரிச்ச மூஞ்சி ஒண்ணு போதும். அவ முன்னால போயி ஒத்தச் சேருல உக்காரணும், அவ வாயாலயே அன்னைக்குச் சொன்னது தப்புன்டு சொல்லணும். சொல்லணும்ன்டா அவ உசுரோட இருக்கணும்ல? அதுக்காக நடந்தேன். பாசத்துக்கு நடக்கல, எழுதிக்கங்க.

அவ வீட்டுக்குத் தெனம் போனேன்தான். யாரு இருக்கா அங்க, புருசன் மில்லுக்குப் போயிருவான், மக பள்ளிக்கூடம் போயிரும். அருப்புக்கோட்டையில பஸ் ஏறி விருதுநகரு போயி, அவளுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு வருவேன். உப்புப் போடக் கூடாது, கொஞ்சம் ஆறி ஆடை படிஞ்சாத்தான் குடிப்பா, ஆடைய எடுத்துட்டுக் குடுக்கணும். படுக்கையில கெடந்தாலும் நொட்டச் சொல்லு போகல. ஒரு நாளு தலைக்கு ஊத்தி விடுறேன். என் கைவளையல் நழுவி வாளிக்குள்ள விழுந்துச்சு. அவ அத எடுத்துக் கையில வச்சுக்கிட்டே இருந்தா. மதினி நீங்க ரொம்ப எளைச்சுட்டீகன்டா. சொல்லிட்டுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. வயித்தெரிச்சல்தான். என்னடா இவ நம்மள விட அழகாயிருவா போலன்டு. எனக்கும் கண்ணு கலங்குச்சு, சீயக்காத் தூளு பட்டுருச்சு.

தீவாளி நெருங்கவும் இவரக் கூட்டியாந்து திரும்ப ஸ்கேன் எடுத்தோம். கொழுப்பு கொறையல, கூடியிருக்கு. பெரிய டாக்டரு படத்த மேசையில வச்சுட்டு இவரப் பாத்தாரு. இவரு தரையப் பாத்தாரு. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டாரு. அங்க வச்சுத்தான் அந்தப் பரோட்டாக் கதை வெளிய வந்துச்சு. ஏன்யா இப்புடிப் பண்ணுன, அவ அங்க செத்துக்கிட்டு இருக்காளேன்டு சட்டையப் பிடிச்சு உலுக்கிட்டேன். அப்பச் சொல்றாரு: "எனக்குப் பயமா இருக்கு பாக்கியம். படுத்தா வயித்தக் கிழிக்கிற மாதிரியே கனா வருது."

பயந்தாங்கொள்ளி. பயமா இருந்தா பயமா இருக்குன்டு வாயத் தொறந்து சொல்லணும்யா. வடையத் தின்னுக்கிட்டுச் சொல்லக் கூடாது. நெஞ்சுல தட்டுற வரைக்கும்தான் இவுக வீரமெல்லாம். நான் அப்புடியே எந்திரிச்சு டாக்டரு ரூமுக்குள்ள திரும்பப் போனேன். கதவத் தட்டக் கூட இல்ல. என் வயித்தப் பாருங்கன்டேன். என் ரத்தம் அவ ரத்தம் ஒரே ரத்தம்தான், முன்னாடி ஒரு தடவ எனக்கு அவதான் குடுத்தா, எழுதி இருக்கும் பாருங்கன்டேன். எதுக்குப் போனேன்? இந்த மனுசன் மூஞ்சியில கரியப் பூசணும்ன்டுதான். படுத்துக் காட்டி, மெசினுக்குள்ள விட்டு எடுத்து, ஊசி ஊசியாக் குத்தி எல்லாம் பாத்தாக. என் ஈரல் பச்சப்புள்ள ஈரலு மாதிரி இருக்காம். அந்தச் சின்ன டாக்டரம்மாவே சொல்லுச்சு, நீங்க எப்புடிம்மா இம்புட்டு எளைச்சீங்கன்டு. திட்டித்தான்டேன்.

இவருகிட்டயும் சம்மதம் கேட்டிருப்பீங்க. அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டிருப்பாரு. அவரு அழுகைய ஒரு பொருட்டா எடுத்துக்காதீங்க, சீரு தட்டுல பூவு கொறைஞ்சாலே அழுகுற ஆளு.

இப்ப என்ன கேக்குறீங்க? யாராச்சும் கட்டாயப்படுத்துனாகளா?

ஆமா. கட்டாயம் நடந்திருக்கு. மறைக்க மாட்டேன். ஆனா கட்டாயப்படுத்துனது நான்தான்.

அவ வேணாம்ன்டா. நான்தான் குடுக்கப் போறேன்டு தெரிஞ்சதும் மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. கஞ்சி குடிக்கல, மாத்திரை முழுங்கல. ஒன் திமிர ஒடம்பு சரியானப்புறம் காட்டுடின்டு நானும் கத்தித் தீத்தேன். கடைசியில வாயத் தொறந்தா. "நான் போனா அண்ணன் அழுது ஆறிருவாரு மதினி. நீங்க போயிட்டா அவரு பொழைக்க மாட்டாரு. நானும் எங்க போயி நிப்பேன்"ன்டா.

அவ புடவையெல்லாம் மடிச்சுப் பையில வச்சேன். கைத்தாங்கலாத் தூக்கி, இழுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏத்துனேன். வழி நெடுக அழுதுக்கிட்டே வந்தா. இப்பவும் வெளிய அழுதுக்கிட்டுத்தான் இருப்பா.

அடுத்து அவளத்தான் கூப்புடுவீங்களாம். கூப்புட்டுக் கேட்டீங்கன்டா வேணாம்ன்டுதான் சொல்லுவா. மதினிக்குப் புள்ளைக இருக்கு, வயசு இருக்குன்டு என்னென்னமோ சொல்லுவா, நல்லாப் பேசுவா, மைக்குப் பிடிச்சவ. நீங்களும் படிச்சவுக, எரக்கப்பட்டு, சரி இவளுக்கு விருப்பமில்ல போலன்டு முடிச்சு விட்டுருவீங்க. அந்த வார்த்தையக் கேக்காதீங்கய்யா. அவ சொல்றத நம்பாதீங்க. நான் யாரு முன்னாலயும் கையெடுத்துப் பழக்கமில்லாதவ. இந்தா, கும்புடுறேன்.